தாஷ்-பெல் இறக்கத்துக்கு எத்தனை மதிப்பெண்

முப்பத்தைந்தாம் நம்பர் வேனுக்கு பிரேக் சரியில்லை என்பது எங்கள் மலையூரான தாஷ்-பெல்லில் கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். காலையில் நகரத்துக்குப் போகும்போது, கடைசி வீடு தாண்டி இறக்கம் தொடங்குகிற இடத்தில் வேன் நிற்கும். யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிடுவோம். வேன் முதல் கியரில் உறுமிக்கொண்டு கீழே போகும். நாங்கள் ஓரமாக நடந்து போய், அடியில் கால்வாய்ப் பாலத்தருகே நிற்கும் அதே வேனில் மறுபடி ஏறிக்கொள்வோம். "வண்டிக்குப் பாரம் குறையட்டும்" என்பதுதான் பேச்சு. பிரேக் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் ஓட்டுகிற எர்கேஷ் அண்ணன் மனசு சங்கடப்படும்.

ஒரே ஒரு ஆள் மட்டும் இறங்குவதில்லை. என் தங்கை புரூல்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருஷமாகிறது. திங்கள், புதன், வெள்ளி, காலை எட்டு மணிக்கு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு வாங்கும், மூன்றாவதை நான் யோசிப்பதில்லை. அந்த இறக்கத்தை நடக்கிற தெம்பு அவளுக்குக் கிடையாது. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட் அவளுடையது. அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். திரும்பி வரும்போது எர்கேஷ் அண்ணன் வேனை எங்கள் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கிவிடுவார். எந்த ரூட்டிலும் இல்லாத வழக்கம் அது. அவர் மனசுக்கு அது வழக்கம்.

என் பெயர் ஜூரா. பத்தொன்பது வருஷம் டிராலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். அதை நிறுத்திவிட்டு, மேலே ஓடிய மின்கம்பியை அறுத்து எடுத்துப் போனபோது என் வேலையும் அதோடு போயிற்று. அதனால் போன அக்டோபரில் நகரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது, ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். பயணிகளிடம் கருத்துக் கேட்கிற வேலை. எனக்கு ஆறு ரூட், அதில் எங்கள் முப்பத்தைந்தும் ஒன்று. "அக்காவுக்குத்தான் ஜனங்களைத் தெரியும்" என்றான் அதிகாரி கானிபெக். நாற்பது வயதுகூட இருக்காது, கழுத்துப்பட்டை கட்டிய சாது. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

படிவத்தில் ஐந்து கேள்வி. நேரத்துக்கு வருகிறதா, சுத்தமா, இடம் கிடைக்கிறதா, டிரைவர் நடத்தை எப்படி, பயணம் பாதுகாப்பா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். "பதினாலு புது பஸ் வருது அக்கா. இந்த மதிப்பெண்ணைப் பாத்துத்தான் எந்த ரூட்டுக்குன்னு முடிவு பண்ணுவோம்" என்றான் கானிபெக். அவ்வளவுதான் சொன்னான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் ஐந்துதான் உச்சம். ஐந்து வாங்கினவனை மேடையில் ஏற்றிப் புத்தகம் கொடுப்பார்கள். இரண்டு வாங்கினால் தோல்வி, வீட்டில் சோறு இறங்காது. ஒன்று என்பதை எந்த வாத்தியாரும் கோபம் தலைக்கேறினால் ஒழியப் போட மாட்டார். அந்தப் பழக்கம் ஊறிப் போன புத்தியோடு நான் வேனில் ஏறி, பதினான்கு பேருக்கு முன்னால் நின்று, அதையே வாய்விட்டும் சொன்னேன்.

"புது பஸ் வருதாம். மதிப்பெண் பாத்துத்தான் தருவாங்களாம்."

"அப்படின்னா அஞ்சு போடு" என்றாள் மைராம். பஜாரில் தயிர் விற்பவள், மடியில் எப்போதும் இரண்டு வாளி இருக்கும். "எல்லாத்துலயும் அஞ்சு போடு. நம்ம ரூட்டு முதல்ல வரணும்."

"கேள்வியைப் படிக்கக்கூட விட மாட்டியா?"

"படிச்சா மட்டும்? எர்கேஷ் அண்ணனுக்கு நாலு போடச் சொல்றியா? பின்னாடி உக்காந்துக்கிட்டு அவர் தலைக்குப் பின்னாலயே நாலு போடறதா? உனக்கே நல்லா இருக்கா?"

எர்கேஷ் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "எனக்கு எட்டாம் வகுப்புல கணக்குல மூணு. அதுக்குமேல வாங்கினதே இல்ல. ஆசைக்கு ஒரு அஞ்சு போடுங்க."

வேனே சிரித்தது. அவருடைய தம்பி மருமகள் கடைசி சீட்டில் இருந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். படிவத்தில் டிரைவர் பெயர் எழுத ஒரு கோடு இருந்தது. புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்? "ஸ்டியரிங் பிடிக்கறவர்னு போட்டுக்குங்க அக்கா" என்றாள் காதோடு. அவளும் எல்லாவற்றிலும் ஐந்து. பாதுகாப்புக்கும்.

அப்போது வேன் நின்றது. இறக்கம். எல்லோரும் பழக்கப்படி இறங்கினோம். பாதுகாப்புக்கு ஐந்து போட்ட பேனா இன்னும் என் விரலிடுக்கில் இருந்தது.

வண்டி கொஞ்ச தூரம் போனதும்தான் மனிதர்களுக்கு வாய் வந்தது. மைராம் வாளிகளைத் தோள்கழியில் மாட்டிக்கொண்டே, "எனக்கு இந்த இறக்கம் முடியற வரைக்கும் நிம்மதி கிடையாது. ஏறினாலும் பயம், இறங்கி நின்னு பாத்தாலும் பயம்" என்றாள்.

"அஞ்சு போட்டியே?"

"அது அவருக்கு."

பக்கத்தில் ஒரோசாலி வாத்தியார் வந்தார், பௌதிகம் நடத்துகிறவர். "முப்பது வருஷமா மதிப்பெண் போடறவன் நான், கேளு ஜூரா. மனுஷனுக்கு அஞ்சு. வண்டிக்கு ஒண்ணு. ரெண்டையும் சேத்து ஒரே கட்டத்துல போடச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? மனுஷனுக்குத்தான் போட்டேன். வண்டிக்கு வருத்தப்படத் தெரியாது."

அத்தனையும் எழுத வேண்டிய பேச்சு. என் பையில் படிவமும் இருந்தது. ஆனால் படிவத்தின் தலைப்பிலேயே 'வாகனத்துக்குள் நிரப்பவும்' என்று போட்டிருந்தது, நான் சட்டப்படி நடக்கிறவள். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மறுபடி ஏறியதும் என் படிவத்திலும் ஐந்து போட்டேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்த புரூலை எதற்கு எழுப்ப வேண்டும் என்று, அவள் படிவத்தையும் நானே நிரப்பினேன். எல்லாவற்றிலும் ஐந்து.

டிசம்பரில் முடிவு சொன்னார்கள். கலாசார மண்டபத்தில் கூட்டம். தாஷ்-பெல்லிலிருந்து மட்டும் நாற்பது பேர், பெண்கள் பூப்போட்ட சால்வை, ஆண்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பி. ஏதோ கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் வந்ததுபோல் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டோம். நகரத்திலேயே முதலிடம் முப்பத்தைந்து. நாலு புள்ளி ஒன்பது. எர்கேஷ் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டு பளபளவென்று ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்தது.

பிறகு புது பஸ் கிடைத்த ரூட்டுகளைப் படித்தார்கள். இரண்டு, ஏழு, பதினொன்று, பத்தொன்பது. எல்லாம் நடு நகரத்து ரூட்டுகள். அங்கே இருப்பவர்கள் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் இரண்டு போடுகிறவர்கள், ஜன்னல் கண்ணாடியில் விரல் தடம் இருந்தால் ஒன்று போடுகிறவர்கள். கானிபெக் மைக்கில் விளக்கினான். மதிப்பெண் குறைந்த இடத்தில்தானே தேவை அதிகம்? முப்பத்தைந்து பயணிகள் முழுத் திருப்தியுடன் இருப்பதால் அங்கே இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை.

எங்கள் வரிசை சால்வையையும் தொப்பியையும் சரிசெய்துகொண்டு எழுந்தது. வெளியே வந்ததும் மைராம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க சொன்னதை அப்படியே எழுதினியா?"

"பின்னே எப்படி எழுதறது?"

"உனக்கு அறிவு வேணாமா ஜூரா? நீயும் அந்த ஊர்லதானே இருக்கே? நாங்க வாயால சொல்றதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? வெளியூர்க்காரன் எழுதியிருந்தா மன்னிக்கலாம்."

"அஞ்சு போடு, அஞ்சு போடுன்னு கத்தினது நீ."

"கத்தினேன். நீ கேக்கணுமா?"

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் அன்று அவள் சொன்னது என்னைக் குத்தியது. எங்கள் ஊரில் யாரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், வீடு எரிந்துகொண்டிருந்தால்கூட, "ஆண்டவன் புண்ணியத்துல நல்லாயிருக்கோம்" என்பார்கள். இரண்டாவது கிண்ணம் தேநீருக்கு அப்புறம்தான் வீடு எரிகிற விஷயம் வரும். எனக்கு இது தெரியாதா? பத்தொன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவளுக்குத் தெரியாதா? தெரிந்தும், முதல் கிண்ணத்தை ஊற்றுவதற்குள் படிவத்தை மூடிவிட்டேன்.

கானிபெக்கைப் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் பேசினான், தேநீர்கூட வரவழைத்தான்.

"அக்கா, நாலு புள்ளி ஒன்பது வாங்கின ரூட்டுக்கு நான் புது பஸ் கொடுத்தா, பிஷ்கெக்ல தலைமை ஆபீஸ்ல என்னைக் கேள்வி கேப்பாங்க."

"அந்த வண்டிக்கு..." என்று ஆரம்பித்தேன். வாசல்வரை வந்து என் தங்கையை இறக்கிவிடுகிற மனிதரைப் பற்றி, ஓர் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது?

என் முகத்தைப் பார்த்து அவனே ஒரு தாள் எடுத்துக் கொடுத்தான். மறுகருத்துப் படிவம். ஜனவரி முடிவதற்குள் அந்த ரூட்டில் போகிற யாராவது ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. பாதுகாப்புக்கு ஒண்ணுன்னு கையெழுத்து விழுந்துட்டா, நான் அந்த வண்டியை நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பியாகணும். மறுநாளே. புது பஸ் எப்ப வரும்னு என்னால வாக்கு கொடுக்க முடியாது."

வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் தேநீர், ரொட்டி, ஆப்ரிகாட் பழ ஜாம். கையெழுத்து மட்டும் இல்லை. மைராமின் மருமகளுக்கு வலி எடுத்தபோது கேனில் பெட்ரோல் வாங்கிவந்து ஊற்றி வண்டி எடுத்தவர் எர்கேஷ் அண்ணன். இன்னொரு வீட்டில் அப்பா இறந்தபோது மய்யித்தைக் கொண்டுவந்தது அந்த வேன்தான். ஒரோசாலி வாத்தியார் என் படிவத்தை வாங்கி, மேலே இருந்த அச்சுப் பிழையைத் திருத்தி, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "விஷயம் சரி. கையெழுத்து வேற யார்கிட்டயாவது வாங்கிக்கோ."

வேறு யாரிடம்? நானே போட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் தினமும் நினைத்தேன். தினமும் பேனாவை எடுத்தேன், திங்கள் காலை புரூல் எதில் போவாள் என்று நினைத்தேன், மூடி வைத்தேன்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. முந்தின நாள் உருகிய பனி ராத்திரியில் கெட்டியாகி, அதன்மேல் புதுப்பனி விழுந்திருந்தது. நாங்கள் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். வேன் எங்களைத் தாண்டியது, ஆனால் சத்தமே இல்லை. இன்ஜின் நின்றுபோயிருந்தது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் திரும்பி, கதவு முன்னால், முகம் பக்கத்தில் என்று வழுக்கிக்கொண்டே போயிற்று. ஜன்னலில் புரூலின் நீலத் தலைத்துணி தெரிந்தது. நான் ஓடினேன், விழுந்தேன், எழுந்து ஓடினேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

வளைவில் தாஷ்-பெல் முழுவதும் அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டுகிற மேடு இருக்கிறது. அங்கே கொட்டக் கூடாது என்று பலகைகூட வைத்திருக்கிறார்கள். அந்த மேட்டில் போய் வேன் முட்டி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய்.

கதவை இழுத்துத் திறந்தேன். புரூல் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கே?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லாயிருக்கேன்க்கா."

எர்கேஷ் அண்ணனுக்கு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வரவில்லை. வாத்தியார்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளி வெளியே எடுத்தோம். பாலம்வரை நடந்தோம். ஏறி உட்கார்ந்தோம். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. மைராம் உப்புப் போட்டுக் காயவைத்த இரண்டு தயிர் உருண்டையை எடுத்து முன்னால் நீட்டி, "வாயில போட்டுக்குங்க அண்ணே, உப்பு இருந்தா படபடப்பு அடங்கும்" என்றாள்.

அன்று சாயங்காலம் எர்கேஷ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பாராட்டுப் பத்திரம் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அவர் மனைவி துர்சுனாய் தேநீர் ஊற்றினாள். இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் அவர், "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாயேன்" என்று அவளை வெளியே அனுப்பினார்.

"நீ வீடு வீடா தாளோட அலையறது எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?"

"அண்ணே, அது உங்களைப் பத்தின..."

"வண்டியைப் பத்தினது. அந்த வண்டில என்னைவிட அதிகமா போறவன் எவன்? தினம் எட்டு நடை. என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா, எர்கேஷ், உனக்கு எப்படி இருக்குன்னு? அஞ்சு, அஞ்சு, அஞ்சுன்னு போட்டுட்டு இறங்கி நடந்து போயிட்டீங்க."

தாளை எடுத்து மேஜைத்துணியில் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். நேரத்துக்கு மூன்று. "ஸ்டார்ட் ஆனா நேரத்துக்கு வருவேன்." சுத்தத்துக்கு இரண்டு. "மைராம் தயிரைக் கொட்டறதை நிறுத்தினா மூணு போடலாம்." இடத்துக்கு மூன்று. டிரைவர் நடத்தை என்ற இடத்தில் பேனா நின்றது. எதுவும் போடாமல் விட்டார். பாதுகாப்புக்கு ஒன்று. பக்கத்தில் கோணல் எழுத்தில் எழுதினார்: பிரேக் இல்லை.

"சரி பண்ண முடியாதாண்ணே?"

"பிரேக் மட்டும்னா பண்ணியிருக்க மாட்டேனா? அடிச்சட்டமே துருப்பிடிச்சுப் போச்சு. மெக்கானிக் போன வருஷமே கைவிரிச்சுட்டான். இதுல இனிமே திருகறதுக்கு இரும்பே இல்லன்னான். துர்சுனாய்க்குக்கூடத் தெரியாது."

"அப்புறம் ஏன்..."

"நான் நிறுத்தினா உன் தங்கச்சி எப்படிப் போவா? எனக்கு ரெண்டு வருஷமா இதே கணக்குதான் ஓடுது. ஓட்டினா அவ ஒருத்திதான் உள்ள இருக்கா. ஓட்டலைன்னா அவ ஒருத்திக்குத்தான் வண்டி இல்ல." கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "நான் போட்டுட்டேன். கொடுக்கறதும் கொடுக்காததும் உன் இஷ்டம். இன்னிக்கு அந்தச் சாம்பல் மேடு இருந்துச்சு."

தாளைக் கொண்டுவந்து மாவுப் பெட்டிக்குள், மாவு மூட்டைக்கும் பலகைக்கும் நடுவில் செருகினேன். வெள்ளிக்கிழமை புரூல் அந்த வேனில்தான் போனாள். நான் இறக்கத்தில் நடந்தேன். கையில் தீர்வு இருந்தும் அவளை அதில் ஏற்றி அனுப்பினேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் முகம் சுடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆட்டுக்கொட்டகையிலிருந்து வந்தபோது, புரூல் ரொட்டிக்கு மாவு எடுக்கப் போய், அந்தத் தாளோடு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

"இது அண்ணன் எழுத்துதானே?"

"ஆமா."

"என் படிவத்துல நீ என்ன போட்டே?"

"அஞ்சு."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

அவள் சிரித்தாள். மாவுக் கையால் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் வெள்ளையானது. "வண்டி இறங்கும்போது நான் சாகறவங்க சொல்ற மாதிரி கலிமா சொல்லிக்கிட்டே போவேன்க்கா. அடிக்குப் போறதுக்குள்ள பதினேழு தடவை வரும். பனி இருந்தா மெதுவா போவாரு, இருபத்தொண்ணு. புதன்கிழமை ஆறுதான் சொன்னேன், சாம்பல் மேடு வந்துருச்சு."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன்டி சொல்லல?"

"நீ எங்கே கேட்டே? எப்படி இருக்கேன்னு கேப்பே. அதுக்கு எல்லாரும் சொல்றதை நானும் சொல்லுவேன்." அவள் தாளை மடித்தாள். "நீங்கல்லாம் இறங்கி நடப்பீங்க. ஜன்னல்ல பாத்துக்கிட்டே போவேன். நீயும் மைராம் அக்காவும் ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டு வருவீங்க. வண்டி பயங்கரம்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதனாலதானே இறங்கறீங்க? அப்ப என்னை மட்டும் ஏன் உள்ளயே விட்டுட்டுப் போறீங்கன்னு நினைப்பேன். அண்ணனாவது கூட இருந்தாரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. அவளுக்காக வண்டி ஓட வேண்டும் என்று நான் நினைத்ததெல்லாம், நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடப்பதற்கு வசதியாக இருந்திருக்கிறது.

"வண்டி போயிட்டா நீ எப்படிப் போவே?" என்றேன்.

"தெரியல. அதுக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பயத்துல நீயும் கூட இருப்பே."

திங்கள்கிழமை அந்த வேனிலேயே போய், அந்த வேனை நிறுத்துகிற தாளைக் கானிபெக் மேஜையில் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். சாயங்காலம் வாசலில் புரூலை இறக்கிவிட்டபோது, எர்கேஷ் அண்ணன், "கொடுத்தாச்சா?" என்றார். "கொடுத்தாச்சு" என்றேன். கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் ஜெபமாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் இரண்டு பேர் வந்து நம்பர் பலகையைத் திருகி எடுத்தார்கள்.

ஊர் என்னை என்ன சொன்னது என்பதை முழுதாக எழுத எனக்கு மனசில்லை. மைராம் மூன்று வாரம் எனக்குத் தயிர் விற்கவில்லை. காலியாக இருந்த வாளியைக் காட்டி, தீர்ந்துபோயிற்று என்பாள், விடிந்து பத்து நிமிஷத்தில். துர்சுனாய் என் சலாமுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினாள், இன்றுவரை சொல்வதில்லை. அவள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஐம்பத்தாறு வயதில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

புது பஸ் பன்னிரண்டு நாளில் வந்தது; அதுவரை பாலத்தருகே போகிற வருகிற வண்டிகளைக் கைகாட்டித்தான் நகரத்துக்குப் போனோம். பச்சை நிறம், தாழ்ந்த படி, சக்கர நாற்காலிக்குத் தனி இடம். ஆனால் அவ்வளவு பெரிய பஸ் எங்கள் இறக்கத்தில் ஏறாது என்று அளந்து பார்த்து எழுதிவிட்டார்கள். கால்வாய்ப் பாலம்தான் கடைசி நிறுத்தம். மற்றவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, எப்போதும் நடந்த தூரம்தான். வழி அடைபட்டுப் போனது புரூலுக்கு மட்டும். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பனிப்புயலில் போகவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. அந்த இரண்டு நாளும் நான் செய்தது சரிதானா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத நேரம் இல்லை.

வேன் போன முதல் புதன்கிழமையே, ஆறரை மணிக்கு எர்கேஷ் அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். அவர் பிள்ளைகள் விளையாடிய பழைய பனிச்சறுக்கு வண்டி, அதன்மேல் வேனிலிருந்து கழற்றிய அந்த ஜன்னலோர சீட், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "பிரேக் நான்தான்" என்றார். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் இதுதான். முன்னால் நான் திசை பார்த்து நடப்பேன். பின்னால் அவர் கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலைப் பனியில் ஊன்றி ஊன்றி இறங்குவார். மற்றவர்கள் பக்கத்திலேயே நடப்பார்கள், கொஞ்ச நாளாக யாரும் முந்திப் போவதில்லை. போன வாரம் வளைவில் வாத்தியாரும் கயிற்றைப் பிடித்தார். மைராம் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல், அவளும் பிடித்தாள்.

பனி உருகினால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. கானிபெக் சின்ன வண்டிக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறான்.

இன்று காலை பாதி இறக்கத்தில், பழக்கதோஷம், நான் திரும்பிப் பார்த்து, "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். புரூல் முகத்திலிருந்து போர்வையை விலக்கினாள்.

"குளிருது" என்றாள். "முதுகு வலிக்குது. சீட்டு ஒரு பக்கம் சாயுது, ரெண்டு நாளா சொல்லணும்னு இருந்தேன். நீ கல்லு மேலயே ஏத்தறே. அண்ணே, இவளைக் கொஞ்சம் பாத்துப் போகச் சொல்லுங்க. இந்தப் போர்வைல ஆட்டு நாத்தம்."

பாலம்வரை குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தேன்.